சம்பங்கியின் ஐந்தரைச் சுற்று

வெள்ளிக்கிழமை காலை ஆறரை மணிக்கு மயிலாப்பூர் வடக்கு மாடவீதியில் ஒரு நாய், தலையில் பிஸ்கட் ஜாடியோடு நடந்து போனது. பார்த்தவர்களில் பாதிப் பேர் சிரித்தார்கள். மீதிப் பேர் கைப்பேசியை எடுத்தார்கள். பூக்காரி பாஞ்சாலி மட்டும் கூடையை அப்படியே போட்டுவிட்டு அழுதுகொண்டே அதன் பின்னால் ஓடினாள்.

ஏனென்றால் அந்த ஜாடியைக் கொடுத்தது அவள்தான்.

புதன்கிழமை மாலை டீக்கடைக்காரர், காலியான பிளாஸ்டிக் ஜாடி ஒன்றை அவளிடம் கொடுத்தார். பூ கட்டும் நார் போட்டு வைக்க உதவும் என்று வாங்கிக்கொண்டாள். அடியில் பிஸ்கட் தூளும் வெண்ணெய்ப் பிசுக்கும் ஒட்டியிருந்தன. கழுவி வீணாக்குவானேன், சம்பங்கி நக்கிக்கொள்ளட்டும் என்று நீட்டினாள். சம்பங்கி வெள்ளை நிறப் பெட்டை நாய். நான்கு வருடங்களாகத் தினமும் காலையில் அவள் விரிக்கும் ஈரக் கோணியின் ஓரத்தில் படுத்துக் கிடப்பது. ஆவலாகத் தலையை உள்ளே விட்டது. விட்ட தலை திரும்பி வரவில்லை. பாஞ்சாலி பிடித்து இழுத்தாள். வலியில் நாய் அலறியது. அலறல் ஜாடிக்குள்ளேயே முழங்கியதில் அது தன் குரலுக்கே பயந்து, அவள் கையை உதறிவிட்டு ஓடிப்போயிற்று.

வியாழக்கிழமை முழுவதும் அவள் பூ விற்கவில்லை. லஸ், மந்தைவெளி, ரயில் நிலையத்தின் அடி எல்லாம் தேடினாள். இரவு பெரும்பாக்கத்தில் அரசு அவளுக்கு ஒதுக்கியிருந்த வீட்டுக்குப் போய்ச் சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தாள். முதல் பேருந்து பிடித்து வந்து, கூடையை இறக்கி, கோணியைக்கூட நனைக்காமல் விரித்துவிட்டுத் தேடக் கிளம்பும்போதுதான் நாய் அவளைத் தாண்டிப் போனது.

"நல்லது பண்றேன்னு போயி உசுர எடுத்துட்டேனே கபாலி!"

பக்கத்து ஸ்டாண்டில் இருந்த ஆட்டோக்காரர் கதிரேசன்தான் ரூபீனாவுக்குப் போன் போட்டார். ரூபீனா கோடம்பாக்கத்தில் ஒரு பிராணி வைத்தியசாலையில் உதவியாளராக வேலை செய்யும் பெண்.

"ஜாடி அடியில விரிசல் இருக்காண்ணா?"

"கீதும்மா. இத்துனூண்டு."

"அப்ப மூச்சு விடும். ஆனா ஒன்றரை நாளா தண்ணி இல்ல. வெயில் ஏறிச்சுன்னா தாங்காது. ஒன்பது மணிக்குள்ள எடுத்தாகணும். எட்டு மணிக்கு ஆஸ்பத்திரி திறந்ததும் கத்திரி எடுத்துக்கிட்டு வந்துடறேன். தயவுசெஞ்சு துரத்தாதீங்க."

"சேச்சே, யாரு துரத்துறாங்க? சுத்தி வளைக்கிறோம், அவ்ளோதான்."

இந்த நேரத்தில்தான் வைரவன் வந்து சேர்ந்தார். அவர் தியாகராய நகரில் ஒரு பெரிய புடவைக் கடையின் தள மேலாளர். காரைக்குடிப் பக்கத்துக்காரர். வெள்ளிக்கிழமை தவறாமல் பாஞ்சாலியிடம் இரண்டு முழம் மல்லி வாங்கிக்கொண்டு சன்னிதிக்குப் போகிறவர். அவள் அழுவதைப் பார்த்ததும் ஸ்கூட்டரை நிறுத்தினார். விஷயத்தைக் கேட்டார். பிறகு ஸ்கூட்டரின் பெட்டியைத் திறந்து ஆறு வாக்கிடாக்கிகளை எடுத்தார். கடையுடையவை. சார்ஜ் போடுவதற்காக வீட்டுக்குக் கொண்டு போயிருந்தார்.

"பாஞ்சாலி, அழாதீங்க. இருபத்திரண்டு வருஷமா இதுதான் என் வேலை. ஒரு குடும்பம் கடைக்குள்ள நுழைஞ்சா நாங்க அஞ்சு பேர் சுத்தி நின்னுருவோம். ஆனா சுத்தி நிக்கிறோம்னு அவங்களுக்குத் தெரியவே கூடாது. தெரிஞ்சா அப்படியே கிளம்பிப் போயிருவாங்க. அதுதான் தொழில் ரகசியம். இந்த நாய் இன்னிக்கு நம்ம கஸ்டமர்."

நாய் எந்த வழியாகப் போகிறது என்பது கால் மணி நேரத்தில் தெரிந்துவிட்டது. ஜாடிக்குள் மூச்சு படிந்து அதற்குக் கண் தெரியவில்லை. வலப்பக்க உடம்பைச் சுவரிலும் கடைப் படிகளிலும் உரசிக்கொண்டு, அந்தத் தொடுகையை நம்பியே நடந்தது. வலப்பக்கம் கபாலி கோயில். ஆகவே அது வடக்கு வீதியிலிருந்து கிழக்கு, கிழக்கிலிருந்து தெற்கு, தெற்கிலிருந்து குளத்தை ஒட்டிய மேற்குச் சாலை, மறுபடி வடக்கு என்று கோயிலையும் குளத்தையும் சேர்த்துச் சுற்றிக்கொண்டிருந்தது. ஒரு சுற்றுக்கு இருபது நிமிடம்.

வைரவன் உதவிக்குக் கூடி நின்ற ஆட்களைப் பிரித்தார். "கிழக்கு வீதி கிரவுண்ட் ஃப்ளோர். தெற்கு ஃபர்ஸ்ட் ஃப்ளோர். மேற்கு செகண்ட். வடக்கு தேர்ட் ஃப்ளோர். கஸ்டமர் எந்த ஃப்ளோர்ல இருக்காங்கன்னு உடனுக்குடன் சொல்லணும்."

"நாய் எப்டி சார் மாடி ஏறும்?" என்றார் கதிரேசன்.

"ஏறாதுய்யா. ஒரு அடையாளத்துக்குச் சொல்றேன். பாதிப் பேர் பின்னால வாங்க. பாதிப் பேர் எதிர்ப்பக்கமா வாங்க. நடுவுல கஸ்டமர் மாட்டிக்கிருவாங்க."

திட்டம் அருமையான திட்டம். எதிர்ப்பக்கமாகப் போகத்தான் ஆள் கிடைக்கவில்லை.

எதிர்ப்பக்கப் படைக்குத் தலைமை தாங்க வேண்டியவர் வெங்கடேஷ். தெற்கு மாடவீதியில் மூன்று தலைமுறையாக இருப்பவர். கையில் அர்ச்சனைத் தட்டோடு வந்தவரை வைரவன் பிடித்து வாக்கிடாக்கி கொடுத்திருந்தார். அவர் அதை மரியாதையோடு திருப்பி நீட்டினார்.

"நாய்க்காக நான் என்ன வேணாலும் பண்றேன். ஆத்துலேர்ந்து போர்வை எடுத்துண்டு வரேன். ஆனா கோவிலை இடமா சுத்தச் சொல்லாதீங்கோ. அறுபத்திமூணு வயசுல இதுவரைக்கும் ஒரு அடி வச்சதில்லை."

வைரவன் கதிரேசன் பக்கம் திரும்பினார். "நீங்க ஆட்டோவுல எதிர்ல வாங்க."

"ஒன்வே சார். முனையிலயே டிராபிக் மாமா நின்னுக்கினு கீறாரு. இன்னா ஏதுன்னு கேக்காம எழுதிப்புடுவாரு."

"அப்ப நானே போறேன்" என்று வைரவன் இடப்பக்கம் இரண்டடி வைத்தார். நிமிர்ந்து கோபுரத்தைப் பார்த்தார். அவருடைய கால் தானாகவே வலப்பக்கம் திரும்பிக்கொண்டது. "எல்லாருமே பின்னால போவோம். வேகமாப் போனாச் சரியாயிரும்" என்றார். வெங்கடேஷும் வாக்கிடாக்கியைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

ஆக, ஆறு வாக்கிடாக்கிகளோடு பதினோரு பேர் ஒரே திசையில் ஒரு நாயைச் சுற்றி வளைக்கக் கிளம்பினார்கள். அவர்கள் வேகமாக நடந்தால் காலடிச் சத்தம் ஜாடிக்குள் முழங்கி நாயும் வேகமாக நடந்தது. நின்றால் அதுவும் நின்றது. இடைவெளி மட்டும் எப்போதும் முப்பது அடி.

"தேர்ட் ஃப்ளோர் பேசறேன். கஸ்டமர் நகைக்கடையைத் தாண்டிட்டா" என்றார் வெங்கடேஷ் வாக்கிடாக்கியில்.

"கிரவுண்ட் ஃப்ளோர் ரெடியா?"

"கிரவுண்ட் ஃப்ளோரும் உங்க பின்னாடிதான் சார் வந்துக்கினு கீது."

இரண்டாவது சுற்றில் தெற்கு வீதியில் சண்முகவடிவு என்ற அம்மாள் கோயிலை விட்டு வெளியே வந்தார். ஊரில் வேலை இல்லாமல் இருக்கும் மகனுக்காக வெள்ளிதோறும் பதினோரு சுற்று சுற்றுகிறவர். முன்னால் ஒரு வெள்ளை நாய், அதன் பின்னால் வரிசையாகப் பதினோரு பேர், அதில் சிலர் கண்ணில் நீர். அவர் உடனே செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பினார்.

"பைரவர் வாகனமே பிரதட்சிணம் வருதே! தலையில கண்ணாடிக் கவசம் வேற போட்டிருக்கே!"

அவர் சேர்ந்துகொண்டார். அவரைப் பார்த்து நான்கு பேர் சேர்ந்தார்கள். நான்காவது சுற்றில் பின்னால் அறுபது பேர் இருந்தார்கள். யாரோ கற்பூரம் ஏற்றினார்கள். ஒருவர் சுற்றுகளை உரக்க எண்ணினார். முனையில் நின்ற போக்குவரத்துக் காவலர், அனுமதி வாங்கிய ஊர்வலம் என்று நினைத்து, நாய்க்காக ஒரு பேருந்தை நிறுத்தி வழி விட்டார்.

"அம்மா, இது ஊர்கோலம் இல்லீங்க. நாங்க அதைப் புடிக்கப் போறோம்" என்று வைரவன் சண்முகவடிவிடம் கெஞ்சினார்.

"பதினொண்ணு முடியட்டும் தம்பி. அப்புறம் பிடிச்சுக்கோங்க. நடுவுல நிறுத்துனா என் பையனுக்கு ஆகாது."

நான்காவது சுற்றின் தெற்கு வீதியில் ஒரு முயற்சி நடந்தது. வெங்கடேஷ் வீட்டுப் போர்வையை நாலு பேர் நாலு மூலையில் பிடித்துக்கொண்டு, அவர் வீட்டு வாசலிலேயே பதுங்கி நின்றார்கள். திட்டப்படி வைரவன் வாக்கிடாக்கியில் "இப்ப!" என்றார். ஆறு வாக்கிடாக்கிகளும் ஒரே நேரத்தில் "இப்ப!" என்று கத்தின. நாய் பதறிக் கால்களுக்கு நடுவே புகுந்து ஓடியது. போர்வை மிகச் சரியாக விழுந்தது. உள்ளே இருந்து, "நான்தான்! நான்தான்! விடுங்கோ!" என்று வெங்கடேஷின் குரல் வந்தது. அர்ச்சனைத் தட்டை மட்டும் சாயாமல் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தார்.

கூட்டம் சிரித்தது. பாஞ்சாலி சிரிக்கவில்லை. ஓடிய நாய் பத்தடி தாண்டி ஒரு படியில் இடித்து விழுந்து, பின்னங்கால் நடுங்க எழுந்ததை அவள் மட்டும் பார்த்தாள். மணி எட்டாகியிருந்தது. வெயில் வீதியின் பாதி அகலத்தைத் தின்றிருந்தது.

இன்னும் எத்தனை சுற்று தாங்கும்? அவள் கூட்டத்தோடு நடந்தாள். ஐந்தாவது சுற்று முடியும்போது வடக்கு வீதியில் அவள் இடம் வந்தது. பாத்திரக் கடைப் படிக்குப் பக்கத்தில் கோணி விரித்தபடி கிடந்தது. கூடை மேல் யாரோ நல்ல மனதோடு ஒரு செய்தித்தாளைப் போட்டு மூடியிருந்தார்கள். சம்பங்கி அந்தக் கோணி அருகே நின்றது. ஜாடியைக் கீழே தாழ்த்தி, விரிசல் வழியாக எதையோ முகர்ந்தது. ஒரு கணம் படுக்கப் போவதுபோல் முன்னங்காலை மடித்தது. பின்னால் அறுபது குரல்கள் ஒன்றாக நாமம் சொல்லின. அது எழுந்து மறுபடி நடந்தது.

அது எதைத் தேடியது என்று பாஞ்சாலிக்குச் சட்டென்று பிடிபடவில்லை. கிழக்கு வீதி முழுவதும் யோசித்துக்கொண்டே வந்தாள். தெற்கு வீதியின் முடிவில், வெயில் காலைச் சுட்டபோதுதான் உறைத்தது. கோணி காய்ந்து கிடந்தது. நான்கு வருடமாகத் தினமும் அவள் அதை நனைத்து விரிப்பாள். பூவின் மேல் தண்ணீர் தெளிப்பாள். அந்த ஈரத்தைத் தேடித்தான் அது வந்திருக்கிறது. இரண்டு நாளாக அந்த இடத்தில் ஈரமும் இல்லை, அவளும் இல்லை. அவள் அதைத் தேடி ஊரெல்லாம் ஓடியிருக்கிறாள். அது அவளைத் தேடி அவள் இடத்துக்கே வந்து வந்து போயிருக்கிறது.

நாய் முன்னால் மேற்குச் சாலையில் திரும்பிவிட்டது. அதை முந்தி ஓடினால் மிரளும். பின்னால் போனால் அதற்குப் பிறகுதான் போய்ச் சேர முடியும். அதற்கு முன்னால் வடக்கு வீதிக்குப் போக ஒரே வழிதான் இருந்தது.

பாஞ்சாலி நின்றாள். கோபுரம் இருக்கும் திசையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "ஒரே ஒருவாட்டி கபாலி" என்றாள். திரும்பி, வந்த வழியே ஓடினாள்.

எதிரே வந்த வெங்கடேஷ் அதிர்ந்து போனார். "பாஞ்சாலி! இடமாப் போறியே!"

"சம்பங்கிக்குத் தண்ணி வேணும் சாமி! சாமி கோச்சிக்கினா அப்பால நான் பேசிக்கிறேன்!"

வெங்கடேஷ் அப்படியே நின்றார். அவர் கால்கள் அசையவில்லை. ஆனால் வாக்கிடாக்கியை வாய்க்குக் கொண்டு போனார். "எல்லா ஃப்ளோருக்கும் சொல்றேன். பாஞ்சாலி எதிர்ல வந்துண்டிருக்கா. அவளுக்கு என்னமோ தெரிஞ்சிருக்கு. தடுக்காம வழி விடுங்கோ." தான் செய்ய முடியாததைச் செய்கிறவளுக்கு வழியாவது விடச் சொன்னார். அதுவும் ஒரு பூஜைதான்.

கிழக்கு வீதி முனையில், பின்தங்கி வந்துகொண்டிருந்த வைரவன் அவளை நிறுத்தினார். "என்ன பாஞ்சாலி?"

"நான் கடை போடணும் சார். எப்பவும் போடுற மாதிரி. அது தானா வந்து குந்தும். நீங்க யாரும் அத்தப் பாக்காதீங்க."

வைரவன் தலையில் அடித்துக்கொண்டார். காலையில் தன் வாயால் சொன்ன தொழில் ரகசியத்தைத் தானே மறந்து, ஒன்றரை மணி நேரமாக ஊரைக் கூட்டி ஒரு கஸ்டமரை விரட்டியிருக்கிறார்.

"எல்லா ஃப்ளோரும் கேளுங்க. யாரும் நாயைப் பாக்கக் கூடாது. யாரும் நாயைப் புடிக்க வரல. நாம எல்லாரும் பூ வாங்க வந்திருக்கோம். தேர்ட் ஃப்ளோருக்கு ஒவ்வொருத்தரா வாங்க. பேசாம வாங்க."

பின்னால் வரும் அறுபது பேரை என்ன செய்வது? கதிரேசன் மூச்சு வாங்க ஓடிப்போய்ச் சண்முகவடிவின் காதில் விஷயத்தைச் சொன்னார். "பைரவருக்குத் தண்ணி தவிக்குதும்மா. சத்தம் கேட்டா குடிக்காது."

சண்முகவடிவு சுற்றை எண்ணிக்கொண்டிருந்த விரலைப் பார்த்தார். நான்கு விரல் மடங்கியிருந்தது. இன்னும் ஏழு பாக்கி. மகனை நினைத்தாரோ என்னவோ, கண்ணை மூடித் திறந்தார். பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பிக் கையைத் தூக்கினார்.

"இங்கேருந்து மௌனப் பிரதட்சிணம். யாரும் வாயைத் திறக்கக் கூடாது. நடக்கவும் கூடாது. இருக்கிற இடத்துலயே நிக்கணும்."

அறுபது பேரும் மேற்குச் சாலையில் கற்பூரத்தோடு அசையாமல் நின்றார்கள்.

பாஞ்சாலி கோணியைக் குடத்துத் தண்ணீரில் முக்கி எடுத்து விரித்தாள். கூடையைத் திறந்தாள். சொம்பிலிருந்து தண்ணீரை உள்ளங்கையில் ஏந்திப் பூவின் மேல் சட்சட்டென்று தெளித்தாள். கால் கட்டைவிரலில் நாரை மாட்டிக்கொண்டு, குனிந்து மல்லி கட்டத் தொடங்கினாள். முதல் கண்ணி நழுவியது. மறுபடி கட்டினாள்.

ஜாடி சுவரில் உரசும் சத்தம் கேட்டது. கரகர. நின்றது. மறுபடி கரகர. அவள் நிமிரவில்லை. தண்ணீரை இன்னொரு முறை தெளித்தாள்.

ஈரக் கோணியின் ஓரத்தில், எப்போதும் படுக்கும் அதே இடத்தில், சம்பங்கி பொத்தென்று படுத்தது.

வைரவன் மெதுவாக வந்து குந்தினார். "ரெண்டு முழம் மல்லி" என்றார் ரகசியம் போல. கதிரேசன் வந்தார். "யக்கா, ஒரு ரோசா." காவலர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வந்தார். "கனகாம்பரம் இருக்கா?" வலமாகவே மீதிச் சுற்றையும் முடித்து வந்து வெங்கடேஷும் கடைசியில் சேர்ந்தார். ஒவ்வொருவரும் நாய்க்கு முதுகைக் காட்டியபடி குந்த, வட்டம் ஒருவர் பின் ஒருவராக மூடிக்கொண்டது. அதில் ஒருத்தி துப்பட்டாவுக்குள் தகரம் வெட்டும் கத்திரி வைத்திருந்தாள். "சாமந்தி எவ்ளோக்கா?" என்றாள் ரூபீனா. பாஞ்சாலி தலையை மட்டும் அசைத்தாள்.

பாஞ்சாலி ஈரக் கையைச் சம்பங்கியின் முதுகில் வைத்தாள். அது ஒருமுறை சிலிர்த்தது. அந்தக் கை எது என்று தெரிந்ததும் அடங்கியது. ரூபீனா கழுத்தைச் சுற்றி எண்ணெய் தடவி, அடிப்பக்க விரிசலிலிருந்து பொறுமையாக வெட்டிக்கொண்டு வந்தாள். கடைசி வெட்டில் ஜாடி இரண்டாகப் பிளந்து விழுந்தது. உள்ளே இருந்து நசுங்கிய காதுகளோடு ஒரு சின்ன முகம் வெளியே வந்து, வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கியது.

"தண்ணி குடுங்கக்கா. கொஞ்சம் கொஞ்சமா" என்றாள் ரூபீனா.

பாஞ்சாலி சொம்பை எடுத்தாள். எடுத்த கை பாதியில் நின்றது. சொம்பின் குறுகிய வாயைப் பார்த்தாள். நாயைப் பார்த்தாள். "நீயே குடும்மா. நான் குடுத்தா எதுனா ஆயிடும். நான் இனிமே எதுக்கும் எதுவும் குடுக்க மாட்டேன்."

வெங்கடேஷ் மடியில் வைத்திருந்த அர்ச்சனைத் தட்டிலிருந்து தேங்காயையும் வெற்றிலையையும் எடுத்துக் கீழே வைத்தார். வேட்டி நுனியால் தட்டைத் துடைத்தார். அவள் முன்னால் தள்ளினார்.

"இதுல குடு. அகலமா இருக்கு. தலை மாட்டாது."

"சாமி தட்டு இது."

"ஆமா. அதனாலதான் குடுக்கறேன்."

பாஞ்சாலி அதில் தண்ணீர் ஊற்றினாள். சம்பங்கி கழுத்தை நீட்டி, முதலில் அவள் விரலை நக்கியது. பிறகு தட்டைக் காலி செய்தது. அவள் மறுபடி ஊற்றினாள். மேற்குச் சாலையில் காத்து நின்ற அறுபது பேருக்கும் கேட்கும்படி வைரவன் வாக்கிடாக்கியில் சொன்னார்: "கஸ்டமர் தண்ணி குடிக்கிறாங்க." "ஓவர்" சொல்ல மறந்துவிட்டார்.

மணி ஒன்பதேகால். கூடையில் ஒரு பூ மிச்சமில்லை. நாயைப் பார்க்காமல் இருப்பதற்காக எல்லாரும் உண்மையாகவே வாங்கியிருந்தார்கள்.

"யக்கா, ஒண்ணு கவனிச்சியா?" என்றார் கதிரேசன். "சம்பங்கிக்கு இன்னா தெம்பு! ஐஞ்சரைச் சுத்துக்கு மேலயே நடந்துட்டுது. நீதான் அர சுத்து எதிர்ல போயி உன் கணக்கக் கெடுத்துக்கின."

பாஞ்சாலி நாயின் ஈரக் காதை விரலால் நீவிவிட்டாள். அது தட்டில் மோவாயை வைத்துத் தூங்கத் தொடங்கியிருந்தது.

"எழுந்துக்கட்டும் நைனா" என்றாள். "ரெண்டு பேருமா ஒரு சுத்து போய்ட்டு வர்றோம். வலமாவே."

"பதினொண்ணா போங்க" என்றார் அப்போதுதான் வந்து சேர்ந்த சண்முகவடிவு, கோணியின் மறு ஓரத்தில் உட்கார்ந்துகொண்டே. "நானும் வர்றேன். அது எழுந்துக்கிற வரைக்கும் எனக்கு அவசரமில்லை."